கப்பலில் வைத்தியர், கரையில் கண்காணி

சிட்லபாக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில், ஏரிக்கரையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி, ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீஸர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கடிகாரத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார்கள். முகப்பில் நான்கு துண்டுகளுக்கு வண்ணம் பூசியிருக்கும். இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷ அகலம். காலும் முக்காலும் ஆனால் சிவப்பு. மணி அடித்ததும், அரை ஆனதும் பச்சை. சிவப்பு நேரத்தில் 500 கிலோஹெர்ட்ஸில் உலகத்தின் எந்தக் கப்பலும் தந்தி தட்டக் கூடாது. பச்சை நேரத்தில் 2182இல் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்க வேண்டும். எங்கோ மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் ஈனக் குரல் அந்த மூன்று நிமிஷத்திலாவது யார் காதிலாவது விழட்டும் என்பதற்காகச் சர்வதேச விதி ஏற்படுத்திய மௌனம் அது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது பக்கத்திலிருந்த கலிபோர்னியன் கப்பலின் வயர்லெஸ்காரர் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

கப்பலில் இவரை 'மார்க்கோனி சாப்' என்றுதான் கூப்பிடுவார்களாம். 1999 பிப்ரவரி 1 அன்று சாட்டிலைட் வழிப்பட்ட புதிய ஆபத்து அறிவிப்பு முறை முழுதாக அமலுக்கு வந்தது. மோர்ஸ் தந்தி போயிற்று. ரேடியோ ஆபீஸர் என்கிற வேலையும் அதோடு போயிற்று. "அன்னையோட எங்க ஜாதி ஒழிஞ்சு போச்சு தம்பி. நாங்க கேட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது இறங்கவில்லை. கேட்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல. கடலில் உள்ள உடம்பின்மீது கரை செலுத்தும் அக்கறையின் வரலாற்றை இந்த இரண்டு வினைச்சொற்களைப் பிடித்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

'கண்காணிப்பு' என்று நாம் இன்று எழுதுகிறோம். ஃபூக்கோவைத் தமிழில் பேச ஆரம்பித்த பிறகு சிறுபத்திரிகைகளில் இந்தச் சொல் தேய்ந்து போகிற அளவுக்குப் புழங்கிவிட்டது. ஆனால் சொல்லின் வேரை நாம் மறந்துவிட்டோம். கண்காணி என்பது சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலேயே வரும் பதவிப் பெயர். தமிழ் வேதாகமத்தில் பிஷப்புக்கு அதே சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் பிடித்துக்கொண்டு போனவனுக்கும் அதுதான் பெயர். முன்பணம் கொடுப்பவன், ஊரைவிட்டு நடத்திக் கூட்டிப்போகிறவன், தோட்டத்தில் வேலை வாங்குகிறவன், கடனைத் துண்டில் எழுதி வைத்துக்கொள்கிறவன், எல்லாம் அந்த ஒருவன்தான். ஆங்கிலத்திலும் அவன் 'கங்காணி'யாகவே போனான். வேறு சொல் கிடைக்கவில்லை.

தொண்டி, அம்மாபட்டினம், தேவிப்பட்டினம் கரைகளிலிருந்து தோணிகளில் மன்னாருக்குக் கடந்தவர்களோடு ஒரு வைத்தியரும் போகவில்லை. கண்காணிதான் போனான். அந்தப் பக்கம் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணிவைக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை.

ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் கதை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. அதனால்தான் கவனிக்க வேண்டியதாகிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்வெடர்' வந்தது; அதில் வழியெல்லாம் காலரா. இந்த மாதிரிக் கப்பல் ஒவ்வொன்றிலும் 'சர்ஜன் சூப்பரிண்டெண்டெண்ட்' என்று ஒரு வைத்தியர் இருந்தார். பதவிப் பெயரையே பாருங்கள். பாதி வைத்தியர், பாதி மேலாள். சோறு வெந்ததா, தளம் கழுவப்பட்டதா, தனி ஆண்கள் முன்பக்கமும் குடும்பங்கள் நடுவிலும் தனிப் பெண்கள் பின்பக்கமும் படுத்தார்களா என்று பார்ப்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலிகள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கேப்டனே அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

அவருக்குச் சம்பளம் எப்படி? உயிரோடு இறக்கப்படும் தலை ஒன்றுக்கு இத்தனை ஷில்லிங். செத்தால் அந்தத் தலைக்குக் காசில்லை.

இந்தத் தலைக்காசு கூலிக் கப்பலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1788இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைக் கப்பல்களுக்குப் போட்ட டால்பென் சட்டத்தில் இதன் முன்மாதிரி இருக்கிறது. பயணத்தில் சாவு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாவிட்டால் கேப்டனுக்கு 100 பவுன், சர்ஜனுக்கு 50 பவுன் பரிசு. ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிப்போன கப்பல்களிலும் இதே சர்ஜன் சூப்பரிண்டெண்டெண்ட் இருந்தார். அடிமை, கைதி, கூலி. கடலில் வைத்தியம் முதலில் போய்ச் சேர்ந்த உடம்புகளின் வரிசை இது. சுதந்திரமான உடம்புக்கு அல்ல, விலை போடப்பட்ட உடம்புக்கே டாக்டர் கிடைத்தார். இதைக் கருணையின் வரலாறாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வழியில் செத்தார்கள். அந்தப் புள்ளிவிவரம் லண்டனில் ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. விசாரணை, புதிய விதிகள், ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் கெடுபிடி என்று தொடர்ந்தது. பிற்காலத்தில் சாவு குறையவும் செய்தது. எண்ணப்பட்டதால் பிழைத்தவர்கள் உண்டு. மன்னார்த் தோணியில் போனவர்கள் எண்ணப்படாததால் செத்தார்கள். நமக்குப் பிடிக்காவிட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஃபூக்கோ 1975இல் வெளிவந்த நூலில், சிறைக்கு வருவதற்கு முன்னால் ரோஷ்ஃபோர் துறைமுகத்தின் கடற்படை ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறார். துறைமுகம் என்றால் ஓடிப்போகும் சிப்பாய்கள், கள்ளச் சரக்கு, தொற்று நோய். எனவே அங்குள்ள ஆஸ்பத்திரி குணப்படுத்தவும் வேண்டும், வடிகட்டவும் வேண்டும். மருந்துகளுக்குக் கணக்கு வைக்க ஆரம்பித்து, நோயாளிகளுக்குக் கணக்கு வைப்பதில் போய் நிற்கிறது. பொருளின்மீதான காவல் உடம்பின்மீதான காவலாகிறது. அவர் பிரான்சைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பதிவேடுகளைப் பார்த்தால் ரோஷ்ஃபோர் வேறெங்கோ இல்லை என்று தெரியும். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம். நம்முடைய முப்பாட்டன்மாரின் உடம்புகளை முதன்முதலாக உற்றுப் பார்த்து எழுதிவைத்தவர்கள் இவர்கள்தான். நம் நிலக்கிழார்கள் பார்த்திருப்பார்கள், எழுதிவைக்கவில்லை.

*

1917இல் ஒப்பந்த முறை நின்றது. போக்குவரத்து நிற்கவில்லை. இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் அடைத்து, அம்மை குத்தி, குடலைச் சுத்தம் செய்து, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். (அதே மண்டபம்தான் 1983க்குப் பிறகு ஈழ அகதிகளை வாங்கிக்கொண்டது. சில இடங்கள் தொழிலை மாற்றுவதில்லை.) கிழக்கே போகிறவர்களுக்கு 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். ஆரம்பத்தில் அதில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. 'ரஜூலாவில் போனேன்' என்று சொல்லும் கிழவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சமீபகாலம் வரைக்கும் இருந்தார்கள். அந்தக் கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் கரையை நெருங்கியதும் வர்க்கம் பிரிந்துவிடும். கேபினில் வந்தவர்கள் இறங்கி நடந்து போவார்கள். தளத்தில் வந்தவர்கள் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவிலோ நாள்கணக்கில் தடுத்து வைக்கப்படுவார்கள். கிருமிக்கு டிக்கெட் விலை தெரியும் போலிருக்கிறது.

டாக்டர் விஷயத்தில் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். 1894 பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் என்ன சொல்லியது? வெளிநாடு போகும் கப்பலில் நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி பெற்ற வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும். 2006இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றி, 2013இல் அமலுக்கு வந்து, 2015இல் இந்தியா ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்ன சொல்கிறது? நூறு பேர், மூன்று நாளுக்கு மேற்பட்ட பயணம், அப்போது டாக்டர். நூற்றிப் பன்னிரண்டு வருஷத்தில் கப்பல் மாறிவிட்டது, எண் மாறவில்லை. இதற்கிடையில் சரக்குக் கப்பலின் ஆள்கூட்டத்தை முதலாளிகள் இருபது, இருபத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே சட்டத்தை மீறாமலேயே டாக்டர் இல்லாமல் ஆக்கிவிட முடிந்தது.

அந்த இடத்தில்தான் காது வருகிறது.

1920களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கடலோடிகளுக்காக நடந்துவந்த ஒரு சர்ச் விடுதியில், ராபர்ட் ஹண்டிங்டன் என்கிற கேப்டன், கட்டிடத்தின் மேலே வயர்லெஸ் நிலையம் வைத்து, கப்பல்களிலிருந்து வரும் நோய்க் கேள்விகளுக்குப் பதில் வாங்கித் தர ஆரம்பித்தார். 1935இல் ரோம் நகரத்தில் குயிதோ குயிதா என்கிற டாக்டர் ஒரு மையம் தொடங்கினார். மார்க்கோனியே அதற்கு முதல் தலைவர். எந்த நாட்டுக் கொடியானாலும் காசு வாங்காமல் ஆலோசனை. அந்த மையம் இன்னும் நடக்கிறது. முசோலினியின் இத்தாலியில், எத்தியோப்பியாவின்மீது படையெடுத்த அதே வருஷத்தில், இப்படி ஒன்றும் நடந்தது. வரலாறு நம் வசதிக்கேற்ப நடப்பதில்லை.

மார்க்கோனி சாப் அந்த ரோமோடு பேசியிருக்கிறார். 'மெடிக்கோ' என்று முன்னொட்டுப் போட்டுச் செய்தி தட்டினால் மற்ற தந்திகள் வழிவிடும். பாரசீக வளைகுடாப் பக்கம் ஒரு பயணம். பண்டாரிக்கு, அதாவது கப்பல் சமையல்காரருக்கு, வயிற்று வலி. "செகண்ட் மேட்தான் எங்க டாக்டர். புஸ்தகத்தைப் பார்த்து மருந்து குடுப்பான். பழைய காலத்துல பாட்டிலுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்குமாம். ஒன்பதாம் நம்பர் தீர்ந்துபோனா நாலையும் அஞ்சையும் கலந்து குடுத்துடுவாங்கன்னு ஒரு ஜோக் உண்டு, எல்லாக் கப்பல்லயும் சொல்வாங்க. அன்னிக்கு யாருக்கும் சிரிப்பு வரலை. ரோம்லேருந்து கேட்டாங்க: விரலால வயித்தை அழுத்தினா வலி ஜாஸ்தியா, அழுத்தி சட்டுனு எடுத்தா ஜாஸ்தியா? நான் கீழே ஓடிப்போய்ப் பண்டாரிகிட்ட கேட்டேன். எடுக்கும்போதுன்னான். மேலே வந்து தட்டினேன். குடல்வாலா இருக்கும், பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்புன்னு பதில் வந்துது. ராத்திரி பூரா மாடிப்படிதான் தம்பி."

இந்த ஏற்பாட்டைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. சர்வதேச சமிக்ஞைப் புத்தகத்தில் 'எம்' எழுத்தில் தொடங்கும் குறிகள் எல்லாம் வைத்தியத்துக்கு. 'எம்.ஏ.ஏ.' என்றால் 'அவசர வைத்திய ஆலோசனை வேண்டும்'. பின்னால் உள்ள அட்டவணையில் உடம்பைக் கூறுபோட்டு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண், நோய்களுக்கு எண், மருந்துகளுக்கு எண். பாஷை தெரியாத இரண்டு பேர் ஒரு மூன்றாவது ஆளின் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொள்ள அந்த எண்கள் வேண்டும். கூலிப் பதிவேட்டின் தழும்புக் குறிப்புக்கும் இதற்கும் உறவு இல்லாமலில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தழும்பை எழுதியவர் கூலியிடம் எதையும் கேட்கவில்லை. ரோம் டாக்டர் பண்டாரியிடம் கேட்டார். வலி எங்கே என்று சொல்லும் உரிமை வலிப்பவனிடம் இருந்தது. பதிலும் அவனுக்குத் திரும்பி வந்தது.

இன்று பெரிய கப்பல்களில் இ.சி.ஜி.யையே கரைக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் திரையில் வருகிறார். சாட்டிலைட் சாதனத்தில் 32 அழுத்தினால் வைத்திய ஆலோசனை, 38 அழுத்தினால் ஆளை இறக்கி எடுத்துப்போகும் உதவி. கப்பல்களுக்கு இருபத்திநான்கு மணி நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன உடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் 2020இல் கொரோனா வந்தபோது சுமார் 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். செயின்ட் ஜான்ஸ் தீவு அப்போது கப்பலுக்குள்ளேயே வந்துவிட்டது.

*

அந்த உடன்படிக்கையில் ஒரு விலக்கு இருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கென்று 2007இல் தனியாக ஒன்று எழுதினார்கள். பயிற்சி பெற்ற ஆள், மருந்துப் பெட்டி, பெரிய படகுகளுக்கு ரேடியோ வழியாகக் காசில்லாத வைத்திய ஆலோசனை எல்லாம் அதில் உண்டு. பத்து வருஷம் இழுத்து, 2017 நவம்பர் 16 அன்று அமலுக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியா இல்லை. சரியாக இரண்டு வாரத்தில் ஒக்கி.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆட்கள் கொச்சியிலிருந்து புறப்பட்டு லட்சத்தீவு தாண்டியும் போய்த் தங்கித் தொழில் செய்கிறவர்கள். ஒரு படகில் பத்துப் பதினைந்து பேர். ஒரு மாதம்கூட ஆகும். நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தபோது இவர்கள் புறப்பட்டு நாட்கள் ஆகியிருந்தன. கையிலிருந்த வயர்லெஸ் கரையை எட்டாது. நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடு என்பதுதான் கோரிக்கை.

சாட்டிலைட் போன் ஏன் இல்லை என்று கேட்டால் கதை 2008க்குப் போகிறது. மும்பைத் தாக்குதல்காரர்கள் குஜராத் மீன்படகு 'குபே'ரைக் கடத்தி வந்தார்கள்; கையில் துரையா சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள். அந்தத் தாக்குதலில் முதலில் கொல்லப்பட்டவர்கள் அந்தப் படகின் மீனவர்கள் ஐந்து பேர். ஆனால் அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு ஏற்பாட்டில் மீனவன் பலியானவனாக அல்ல, சந்தேகத்துக்குரியவனாகவே நுழைந்தான். விரல்ரேகை அட்டை, படகுப் பதிவு, மாநிலத்துக்கு ஒரு நிறம், 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு அடையாளம் சொல்லும் கருவி. துரையாவும் இரிடியமும் தடை. கரையோடு பேசக்கூடிய ஒரே சாதனம் குற்றப் பொருளாயிற்று. ஒக்கிக்குப் பிறகுதான் வேறு வகை சாட்டிலைட் போனை மானியத்தில் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது.

இதற்கு நடுவில் 2010 முதல் இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி பயன்பாட்டில் இருந்தது. 20,000க்கும் மேற்பட்ட படகுகளுக்கு அது போயிருக்கிறது. அழுத்தினால் இடமும் ஆபத்தும் சாட்டிலைட் வழியாகக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். நல்ல விஷயம், உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. சென்னை மையத்திலிருந்து போய் நோயாளிகளைக் கப்பலிலிருந்தும் படகிலிருந்தும் எடுத்து வருகிறார்கள். அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஆனால் அந்தக் கருவி ஒருவழிக் கருவி. அழுத்தியவனுக்குக் கரை கேட்டதா இல்லையா என்று தெரியாது. கேட்டோம் என்ற பதில் படகுக்குத் திரும்பிவரும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024 ஜனவரியில்தான் வந்தது. பதினான்கு வருஷம்! அதே 2024 ஆகஸ்டில் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். படகு எங்கே நிற்கிறது, எல்லையை நெருங்குகிறதா என்று கரைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வானிலை எச்சரிக்கை வரும். ஆபத்து என்று குறியும் அனுப்பலாம். ஆனால் மார்பு வலிக்கிறது என்று சொன்னால், 'எந்தப் பக்கம், எவ்வளவு நேரமாக?' என்று திருப்பிக் கேட்கும் ஆள் அந்தக் கம்பியின் மறுமுனையில் இல்லை.

நான் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எண்ணப்படாமல் செத்த மன்னார் வழிக்கூட்டத்தை மேலே பார்த்தோம். பார்க்கிறவன் கேட்கவும் கடமைப்பட்டவனா என்பதுதான் கேள்வி.

சிட்லபாக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 1993இல் தொடங்கியது. கடலில் மிதவைகளைக் கட்டிவைத்துக் காற்றையும் அலையையும் சுனாமியையும் அளக்கிறார்கள். மீனவர்கள் மிதவைகளைச் சேதப்படுத்துகிறார்கள் என்பது அவர்களது நெடுநாள் புகார். மிதவைக்கு அடியில் மீன் கூடும், மீன் கூடினால் படகும் கூடும், கயிற்றையும் கட்டுவார்கள். யாருக்காக அந்த மிதவை என்பதை யாராவது முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் புகார் இவ்வளவு வளர்ந்திருக்காது.

பேசிய இடமும் உண்டு. தரமணியிலுள்ள சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஊர்த் தெருவில் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். போர்க்கப்பலுக்காகக் கணித்த அலை கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் அதே மாதிரி ஒலிபெருக்கிதான் ஜனங்களை வெளியேற்றியது. தொலைக்காட்சியில் சுனாமியைப் பார்த்துவிட்டு எச்சரித்தவர் சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர்.

2018இல் தூத்தூர்ப் பக்கம் போயிருந்தபோது சின்னத்துறையில் ஒருவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஒக்கிக்கு முந்தின ஒரு தங்கல். படகில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி. வயர்லெஸ் கரைக்கு எட்டாது. ஆனால் பத்திருபது மைலில் இன்னொரு படகுக்கு எட்டும். அந்தப் படகுக்கு அதற்கப்பால் ஒன்று எட்டும். இப்படி நான்கு படகு கைமாறி, கரைக்குக் கிட்டத்தில் இருந்த படகு ஊரில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு செல்போனில் பேசியிருக்கிறது. அவள் கேள்வி அதே நான்கு படகு வழியாகத் திரும்பி வந்தது: எந்தக் கையில வலிக்குன்னு கேளு. பெரியவர் இடது கை என்றார். அது போய், வேர்க்குதான்னு கேளு என்று அடுத்தது வந்தது. அப்படி நடந்துகொண்டிருக்கும்போதே இவர்கள் தூண்டிலை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பியிருந்தார்கள். கொச்சி அங்கிருந்து இரண்டு நாள் ஓட்டம்.